பேச்சுக்கலை பிறந்தது நில வழக்கில்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் வன உரிமைச் சட்டம் பற்றிப் பேசப் போனால், இளைஞர்கள் முதலில் சொல்வது இதுதான்: "எங்களுக்குப் பேச வராதுங்க தோழர்." மனு எழுதிவிடுவார்கள். கிராம சபையில் அதிகாரி முன்னால் எழுந்து நிற்கத்தான் தயக்கம். அவர்களிடம் நாங்கள் சொன்ன ஒரு பழைய கதையை இங்கேயும் எழுதி வைக்கிறோம்.

சிசிலித் தீவில் சிரக்கூஸ் என்றொரு கிரேக்க நகரம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே கொடுங்கோலர் ஆட்சி கவிழ்ந்தது. பறிபோன நிலங்களைத் திரும்பக் கேட்டு மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்கு வாதாடக் கற்றுக்கொடுத்த கோராக்ஸ், டிசியாஸ் இருவரிடமிருந்துதான் பேச்சுக்கலை தொடங்கியது என்பது பழைய மரபு. மேடை அலங்காரத்துக்காக வந்த கலை அல்ல, நிலத்தை மீட்க வந்த கலை.

நூறாண்டுக்கும் மேல் கழித்து அரிஸ்டாட்டில் அதற்கு இலக்கணம் எழுதினார். பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் நியாயம் என மூன்று வழிகளில் பேச்சு ஆளை இணங்க வைக்கிறது என்றார். கூடவே ஒன்று சொன்னார்: அந்த நம்பகத்தன்மை பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும், பேசுவதற்கு முன்பே அவரைப் பற்றி நிலவும் எண்ணத்திலிருந்து அல்ல. நம் ஊரில் வாயைத் திறக்கும் முன்பே சாதி கேட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறார்களே, அதற்கு நேர் எதிரான விதி இது.

ஆனால் ஏதென்ஸும் யோக்கியம் இல்லை. மக்களவையில் பெண்களுக்கு இடமில்லை. அங்கே குடியேறி வாழ்ந்த லைசியாஸ், மற்றவர்களுக்கு நீதிமன்ற உரைகள் எழுதிக் கொடுத்துப் புகழ்பெற்றவர். குடியுரிமை இல்லாததால் அவரும் அந்த அவையில் பேச முடியாது. அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் நீதிமன்றத்தில் செல்லும். அடிபட்டால்தான் உண்மை சொல்வான் என்ற அந்த நினைப்பு நம் காவல் நிலையங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் போனவர்கள் இரண்டே பேர்: அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். நவம்பர் 20 அன்று அம்பேத்கர் எப்படிப் பேசினார் என்று பாருங்கள். எடுத்த எடுப்பில் கணக்கு: நாங்கள் 4 கோடியே 30 லட்சம் பேர், பிரிட்டிஷ் இந்தியாவில் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு கேள்விகள். உங்கள் ஆட்சிக்கு முன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது, இப்போது முடிகிறதா? கோயிலுக்குள் போக முடியாது, இப்போது முடிகிறதா? போலீசில் சேர முடியாது, இப்போது? இரக்கம் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஆட்சியாளரை நிறுத்தினார்.

மலைக்குத் திரும்புவோம். வன உரிமை கோரிக்கையை முதலில் விசாரிப்பது கிராம சபை. உறுப்பினர்களில் பாதிப் பேராவது கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். சட்டத்தின் விதி 13இன்படி, உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று. இந்தச் சாமைக் கொல்லையை யார் உழுதார்கள், எல்லை எந்தப் பலா மரம் வரை என்று ஒரு பாட்டி சொன்னால் அது வெறும் ஊர்க்கதை அல்ல, ஆவணம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பாட்டியைக் கூட்டிப் போங்கள். அவரே பேசட்டும். பேசி முடித்ததும், சொன்னதை அவர் பெயரோடும் தேதியோடும் அங்கேயே எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.