கராம்பின் பெயரும் கஞ்சாவின் மணமும்: மாத்தளையை முன்வைத்துச் சில குறிப்புகள்

கஞ்சாவின் மணத்துக்குக் காரணமான தெர்ப்பீன்களுள் ஒன்றான பீட்டா-கரியோபிலீன், இன்று மேலைச் சந்தைகளில் மருத்துவக் குணமுடையதெனப் பெரிதும் விளம்பரப்படுத்தப்படுகின்றது. இச்சேர்வை கஞ்சாவுக்கே உரியதன்று. கராம்புக்குத் தாவரவியலார் முன்னர் வழங்கிய பேரினப் பெயரிலிருந்தே இதன் பெயர் பிறந்தது. மிளகின் மணத்திலும் இதற்குக் கணிசமான பங்குண்டு. (நாவை எரிப்பது பைப்பரின் என்னும் வேறொரு பொருள்.) ஆகவே, மிளகும் கராம்பும் விளையும் மாத்தளை மாவட்டத்திலிருந்து இவ்விளம்பரத்தை நோக்குதல் பயனுடைத்து.

2008 இல் யூர்க் கெர்ட்சும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆய்வு, இச்சேர்வை உடலிலுள்ள சி.பி.2 ஏற்பியுடன் இணைவதையும், போதைக்குக் காரணமான சி.பி.1 உடன் இணையாமையையும் காட்டிற்று. எலிகளில் அது அழற்சியைத் தணித்தது. எலியிற் கண்டதை மனிதருக்கு உறுதியான நிவாரணமாக விற்பது விஞ்ஞானமன்று, வாணிபமே என நாம் கருதுகின்றோம்.

சட்டமோ இம்மணத்தை இரண்டாகப் பிரித்தது. 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைக் குற்றத்தின் எல்லைக்குள் நிறுத்தியது. 1961 ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் மருத்துவர்க்கு ஒரு சிறு வாயிலைத் திறந்துவைத்தது. மிளகோ அந்நியச் செலாவணி ஈட்டும் பயிர். இலங்கை மிளகின் பெரும்பகுதியை இந்தியா வாங்குகின்றது; எண்ணெயும் ஒலியோரெசினும் பிரித்தெடுப்பதற்கு அது விரும்பப்படுகின்றது. விவசாயி காய்ந்த மிளகை நிறுத்து விற்கிறான். சாறும் அதன் பெயரும் பிறரிடத்தே விலையேறுகின்றன.

இம்மண்ணில் உழைத்தோரின் வரலாறு இன்னும் கசப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1869 இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் தொடர்ந்தன. பயிர் மாறிற்றேயன்றி உற்பத்தி உறவு மாறவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கினவேயன்றி, அவற்றில் உழைத்தோரை நிலவுடைமையாளராக்கவில்லை.

மிளகு இன்று பெரும்பாலும் சிறு நிலமுடையோரின் பயிர். கொடி படர்வதற்கு ஒரு கிளிசிரிடியாக் கம்பை நடவும் சொந்தமாய்ச் சிறிது மண் வேண்டும். லயத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவும் இல்லை.