பஃபெட்டா, பஃபேயா? - ஒரு சாப்பாட்டு மேசையும் கொஞ்சம் இங்கிலீஷும்

மக்களே, முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பொறுத்துக்கோங்க.

வருஷம் 2001. பொட்டி தட்டுற வேலைக்காக முதல் தடவையா அமெரிக்கா போய் இறங்கியிருந்தேன். ஊர் மின்னியாபொலிஸ். பன்னிரண்டாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம். காலேஜ்ல இங்கிலீஷைப் படிச்சுப் பாஸ் பண்ணினேனே ஒழிய, வாயைத் திறந்து பேசினது கிடையாது. புது வார்த்தை எதுவா இருந்தாலும் புத்தகத்துல பார்த்து, எழுத்துக் கூட்டி, மனசுக்குள்ள நானே ஒரு உச்சரிப்பு வெச்சுக்குவேன். ஒரு நாள் மதியம் ஆபீஸ்ல எல்லாரையும் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் ரொம்ப உற்சாகமா, "வேர் ஈஸ் த பஃபெட்?"னு கேட்டுட்டேன்.

வெள்ளைக்காரங்க யாரும் சிரிக்கலை. சிரிச்சது நம்மாளு ஒருத்தர். "பாஸ், அது பஃபே. வாரன் பஃபெட்டையா தேடுறீங்க?"ன்னார். கூட இருந்த இன்னும் ரெண்டு நம்மாளுங்க சேர்ந்து சிரிச்சாங்க.

சின்ன விஷயம்தான். ஆனா அதுக்கப்புறம் மூணு மாசம் மீட்டிங்ல நான் வாயே திறக்கலை. ஒரு தடவை புரோகிராம் எங்கே உதைக்குதுன்னு எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய வார்த்தை 'கேஷ்'ஷா, 'கேச்சே'யான்னு தெரியாததால பேசாம உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மத்தவங்களுக்கு முழுசா ரெண்டு நாள் ஆச்சு. இப்ப நினைச்சாலும் என் மேலயே கோவம் வருது.

எங்க டீம்ல ஒரு வயசான அம்மா இருந்தாங்க. மின்னசோட்டாவில் ஸ்வீடன்காரங்க வழியில் வந்தவங்க நிறைய. இவங்களும் அப்படித்தான். அந்த மதியம் நடந்ததைப் பார்த்திருப்பாங்க போல. ஒரு நாள் காபி குடிக்கும்போது சொன்னாங்க: "எங்க தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் 'ஜாப்'ங்கிற வார்த்தை வாயில வரலை. 'யாப்'னுதான் சொல்வார். ஆனா நாப்பது வருஷம் யாப் பார்த்தார்."

அன்னிக்குப் பிடிச்சதுதான் இந்தச் சாப்பாட்டு வார்த்தைகளோட பூர்வீகத்தைத் தோண்டுற பைத்தியம். தோண்டினதுல கிடைச்சதை இங்க பரிமாறுறேன். தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில வாங்க :-)

பஃபே என்கிற அலமாரி

'பஃபே' பிரெஞ்சு வார்த்தை. முதல்ல அதுக்கு சாப்பாட்டோட நேரடி சம்பந்தமே கிடையாது. பாத்திரம் பண்டங்களை அடுக்கி வைக்கிற அலமாரிக்குத்தான் அந்தப் பேர். வீட்டுல வெள்ளிச் சாமான் எவ்வளவு இருக்குன்னு விருந்தாளிக்குக் காட்டுற ஷோகேஸ்னு வெச்சுக்கோங்க. 1700களின் தொடக்கத்தில் இங்கிலீஷுக்குள்ள வந்தப்பவும் இதே அர்த்தம்தான். அப்புறம் அலமாரிக்கு மேல சாப்பாட்டை வெச்சாங்க, அலமாரியோட பேர் சாப்பாட்டுக்கு வந்துடுச்சு. 'டேபிள்'னு சொன்னா மேசையையும் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்ற மாதிரி.

இதுல எனக்குப் பெரிய ஆறுதல் ஒண்ணு உண்டு. இந்த வார்த்தையை எப்படி எழுதறதுன்னு அந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்களுக்கே தெரியலை. 'பியூ' போட்டு ஆரம்பிச்சு 'பியூஃபெட்'னும் 'பியூஃபெய்ட்'னும் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்காங்க. இன்னிக்கும் அமெரிக்காக்காரர் பின்பகுதியை அழுத்தி 'பஃ-ஃபே'ங்கிறார். லண்டன்காரர் முன்பகுதியை அழுத்தி 'பூஃபே'ங்கிறார். ரயில்ல இருக்கிற சிற்றுண்டிப் பெட்டியை 'பஃபி'ன்னே சொல்ற ஆளுங்களும் அங்க உண்டு.

இன்னொரு கூத்து: அச்சா இதே எழுத்துகளோட, 'பஃபிட்'னு உச்சரிக்கிற வேறொரு வார்த்தையும் இங்கிலீஷ்ல இருக்கு. அதுக்கு 'அடி, அறை'ன்னு அர்த்தம். அதுவும் பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்ததுதான், வம்சம் வேற. புயல்ல மாட்டின கப்பலைக் காத்து 'பஃபிட்' பண்ணிச்சுன்னு பேப்பர்ல எழுதுவாங்க. ஆக, நான் அந்த ஓட்டல்ல கேட்ட கேள்விக்கு அகராதிப்படி அர்த்தம், "இங்க அடி எங்க கிடைக்கும்?" கேட்டது கேட்டபடியே கிடைச்சுது!

வெண்ணெய் வாத்து

ஸ்வீடன்காரங்களோட பஃபேக்குப் பேர் 'ஸ்மோர்கஸ்போர்ட்'. 'ஸ்மோர்' வெண்ணெய், 'கோஸ்' வாத்து, 'போர்ட்' மேசை. வெண்ணெய் கடையும்போது மேல மிதக்கிற உருண்டைங்க வாத்து மாதிரி தெரிஞ்சதாம். அந்த வெண்ணெயைத் தடவின ரொட்டித்துண்டுக்கும் அதே பேர் வந்தது. ரொட்டி, மீன், இறைச்சின்னு வரிசையா அடுக்கின மேசைக்கும் அப்புறம் அதுவே பேரானது.

இதைச் சாப்பிடறதுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதல்ல ஹெர்ரிங் மீன். அடுத்த நடையில மத்த மீன் வகைகள். அப்புறம் ஆறின இறைச்சி. அதுக்கப்புறம்தான் சூடான அயிட்டங்கள். கடைசியில இனிப்பு. ஒவ்வொரு நடைக்கும் புதுத் தட்டு. எல்லாத்தையும் ஒரே தட்டுல மலையாக் குவிக்கிறவரை ஸ்வீடன்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க.

1939ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஸ்வீடன் அரங்கத்துல 'த்ரீ கிரவுன்ஸ்'னு ஒரு உணவகம் இருந்தது. அங்க சுழலுற மேசையில ஸ்மோர்கஸ்போர்ட் வெச்சாங்க. அதைப் பார்த்துட்டு அமெரிக்காவே வாயைப் பிளந்தது. அதுக்கப்புறம் வார்த்தை சாப்பாட்டு மேசையை விட்டு இறங்கி ஊர் சுத்த ஆரம்பிச்சது. 'எ ஸ்மோர்கஸ்போர்ட் ஆஃப் ஐடியாஸ்'னா பலவகைக் கருத்துகளோட கதம்பம். ஸ்வீடிஷ் எழுத்துகளுக்கு மேல இருந்த புள்ளியையும் வட்டத்தையும் இங்கிலீஷ்காரங்க கழட்டிட்டாங்க, உச்சரிப்பையும் இஷ்டத்துக்கு மாத்திக்கிட்டாங்க. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கலை.

ஜப்பான்காரன் செஞ்ச வேலை

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை இதுதான். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல்னு புகழ்பெற்ற ஒண்ணு இருக்கு. அதோட தலைவரா இருந்த டெட்சுசோ இனுமாரு 1957ல் டென்மார்க் போனப்ப இந்த ஸ்மோர்கஸ்போர்ட்டைப் பார்த்தார். இதை நம்ம ஊர்ல போட்டா என்னன்னு தோணியிருக்கு. அப்போ பாரிஸ்ல சமையல் பயிற்சியில இருந்த நோபுவோ முராகாமிகிட்ட இதைக் கத்துக்கிட்டு வரச் சொன்னார்.

1958 ஆகஸ்ட்டில் கடை திறக்கிற நேரம் பேர் பிரச்சினை. 'ஸ்மோர்கஸ்போர்ட்' எந்த ஜப்பான்காரர் வாயில நுழையும்? அந்தச் சமயம் கிர்க் டக்ளஸ் நடிச்ச 'தி வைகிங்ஸ்' படம் ஓடிட்டிருந்தது. வடக்கத்தி நாட்டுச் சாப்பாடு, வடக்கத்தி நாட்டு வீரர்கள், அதுல ஒரு பெரிய விருந்துக் காட்சி வேற. 'இம்பீரியல் வைகிங்'னு பேர் வெச்சுட்டாங்க. 'வை'யும் வராததால 'பைகிங்கு' ஆச்சு. இன்னிக்கும் ஜப்பான்ல பஃபேக்கு 'பைகிங்கு'ன்னுதான் பேர்.

கவனிங்க மக்களே. ஒரு வார்த்தை வாயில நுழையலைன்னதும் அவங்க வெட்கப்பட்டு மூலையில உட்காரலை. நுழையற மாதிரி ஒரு வார்த்தையைப் பிடிச்சுட்டு வந்து, ஒரு தேசத்தையே பேச வெச்சுட்டாங்க. நான் ஒரு 'ஃபெட்'டுக்கு மூணு மாசம் வாயை மூடிக்கிட்டிருந்தேன்.

ஓசிச் சாப்பாடு உண்டா?

'நோ சச் திங் ஆஸ் எ ஃப்ரீ லஞ்ச்' - இதைக் கேட்காதவங்க இருக்க முடியாது. பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் 1975ல் இதையே ஒரு புத்தகத்துக்குத் தலைப்பா வெச்சார். ஆனா 1938லயே இது அமெரிக்கப் பத்திரிகையில அச்சாகியிருக்கு.

இதுக்குப் பின்னாடி இருக்கிறது நிஜமான சாப்பாடு. 1800களின் பிற்பகுதியில் அமெரிக்க மதுக்கடைகள்ல, ஒரு கிளாஸ் வாங்கினா மேசையில இருக்கிற சாப்பாடு இலவசம். 1889ல் சான் பிரான்சிஸ்கோ போன ருட்யார்ட் கிப்ளிங் இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கார். சூட்சுமம் என்னன்னா, அங்க இருந்ததெல்லாம் உப்புப் பண்டம். தின்னா தாகம் எடுக்கும், தாகம் எடுத்தா அடுத்த கிளாஸ். சாப்பாட்டுக் காசு அதுல வந்துடும்.

இதே சூத்திரத்தை லாஸ் வேகாஸ் பெருசாப் பண்ணிச்சு. அங்க 1941ல் திறந்த எல் ராஞ்சோ வேகாஸ் சூதாட்ட விடுதியில, அந்த நாப்பதுகள்லயே ஒரு டாலருக்கு வயிறு முட்டச் சாப்பிடற பஃபே வந்துடுச்சு. சாப்பாட்டுல நஷ்டம்தான். ஆனா பசின்னு யாரும் வெளியில போக மாட்டாங்க, திரும்ப வந்து மேசையில பணத்தைக் கட்டுவாங்க. ஆளை இழுக்க நஷ்டத்துக்கு விக்கிற சரக்குக்கு இங்கிலீஷ்ல 'லாஸ் லீடர்'னு பேர். நம்ம பாஷையில சொன்னா, சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிறது.

போற போக்குல ஒண்ணு: பஃபே மேசைக்கு மேல சாய்வா ஒரு கண்ணாடி இருக்குமே, அதுக்குப் பேர் 'ஸ்னீஸ் கார்ட்', தும்மல் தடுப்பு. ஸ்மோர்கஸ்போர்ட் உணவகம் நடத்தின ஜானி கார்னோங்கிற அமெரிக்கர் 1959ல் அதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். 2020ல் கொரோனா வந்தப்ப அந்தக் கண்ணாடியோட அருமை உலகத்துக்கே புரிஞ்சது.

தட்டுல விழுந்த சொலவடைகள்

வரிசையில நின்னபடியே கத்துக்கக்கூடிய சிலது:

'ஐஸ் பிக்கர் தேன் யுவர் ஸ்டமக்' - வயித்தை விடக் கண்ணு பெருசு. தட்டுல மலையாக் குவிச்சுட்டு முழிக்கிறவங்களுக்கு. பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580லயே இந்த உவமையைப் புது நாடுகளைக் கண்டுபிடிக்கிற ஆசைக்குப் பயன்படுத்தியிருக்கார்.

'பைட் ஆஃப் மோர் தேன் யூ கேன் ச்யூ' - மெல்ல முடியாத அளவுக்குக் கடிக்கிறது. நாம 'அகலக்கால் வைக்காதே'ங்கிறோம்.

'எ லாட் ஆன் மை ப்ளேட்' - தலைக்கு மேல வேலை. மேனேஜர் புதுசா ஆணி கொடுக்கும்போது சொல்லிப் பாருங்க. வேலை குறையாது, ஆனா இங்கிலீஷ் வளரும்.

'ஸ்பாயில்ட் ஃபார் சாய்ஸ்' - எதை எடுக்கிறதுன்னே தெரியாத திண்டாட்டம்.

'பாட்லக்' - பானையில என்ன இருக்கோ அதுதான் உன் அதிர்ஷ்டம். சொல்லாம கொள்ளாம வந்த விருந்தாளிக்கு இருக்கிறதைப் போடறது. 1500களிலேர்ந்தே இருக்கிற வார்த்தை. ஆளுக்கு ஒரு அயிட்டம் சமைச்சு எடுத்துட்டு வர்ற விருந்துக்கு இந்தப் பேர் வந்தது பின்னால.

'ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் டூ' - கேக்கைத் தின்னவும் வேணும், அது தீராம இருக்கவும் வேணும். நம்மளோட 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை'யேதான். 1546ல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழிப் புத்தகத்துல இது 'முதல்ல தின்னு, அப்புறம் வெச்சிரு'ங்கிற வரிசையில இருந்தது. பின்னாடி தலைகீழா மாறிடுச்சு. அமெரிக்காவைக் கலக்கின 'யூனபாம்பர்' டெட் கசின்ஸ்கி தன் அறிக்கையில பழைய வரிசையிலேயே எழுதியிருந்தார். 1996ல் அவரை அடையாளம் காண உதவின மொழித் தடயங்கள்ல இதுவும் ஒண்ணு!

சூப் கவுண்டர்ல நம்ம ஊர்

கடைசியா சூப்புக்கு வருவோம். 'முல்லிகட்டானி' - பேரைப் பார்த்தா இத்தாலி அயிட்டம் மாதிரி இருக்கா? நம்ம மிளகுத்தண்ணிதான் அது. மெட்ராஸ்ல இருந்த இங்கிலீஷ்காரங்க 1700களில் நம்மகிட்ட கேட்டது 'மிளகுத்தண்ணி', அவங்க வாயில வந்தது 'முல்லிகட்டானி'. இதை அவங்க குடிச்ச குடியில, மெட்ராஸ் மாகாண அதிகாரிகளுக்கு 'முல்ஸ்'னே பட்டப்பேர் வந்துடுச்சு. 1886ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில இது பதிவாகியிருக்கு. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதும், சுருட்டு 'ஷெரூட்' ஆனதும் இதே மாதிரிதான்.

அந்தத் துரைமாருங்க யாராவது, 'ள'வும் 'த்த'வும் வரலைன்னு மூணு மாசம் சாப்பிடாம இருந்தாங்களா? தப்பாவே சொல்லி, தப்பாவே எழுதி, அதையே அகராதியிலயும் ஏத்திட்டாங்க. சரியான உச்சரிப்பைக் கத்துக்கவே வேணாம்னு நான் சொல்லலை. கத்துக்கணும். ஆனா கத்துக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு ஒரு சட்டமும் இல்லை.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ் விருந்து. புதுசாச் சேர்ந்த பையன், நம்ம தென் மாவட்டம். தட்டும் கையுமா நின்னுக்கிட்டு, "அண்ணா, பஃபெட் எந்தப் பக்கம்?"னு கேட்டான். பக்கத்துல ரெண்டு பேர் சிரிக்கத் தயாரானது தெரிஞ்சது.

"வாங்க தம்பி, நானும் பஃபெட்டுக்குத்தான் போறேன்"னு தோளில் கையைப் போட்டுக் கூட்டிட்டுப் போனேன். அன்னிக்கு மதியம் மீட்டிங்ல அவன் ரெண்டு கேள்வி கேட்டான். ரெண்டும் நல்ல கேள்வி. உச்சரிப்பு பத்தி அப்புறம் ஒரு நாள் காபி குடிக்கும்போது தனியாச் சொன்னேன், கூடவே அந்த 'யாப்' தாத்தா கதையையும்.

டிஸ்கி: நீங்க இப்படி மாட்டி முழிச்ச வார்த்தை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. இங்க யாரும் சிரிக்க மாட்டோம். சரி, கொஞ்சமாச் சிரிப்போம் :-)