வங்கக் கடலடி வடங்களும் சைகை எதிரொளிப்பும்

முத்துப்பேட்டை முதலான காவிரிக் கழிமுகக் கரையூர்களிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பலர். சென்னையைப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருடன் இணைத்த கடலடித் தந்திவடம் 1871-இல் செயற்பாட்டுக்கு வந்தது. இத்தகு வடத்தினுள் சைகை செல்லும் முறை உணரப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நீள்வடத்தின் மின்தடையும் மின்தேக்குதிறனும் சைகையைப் பரப்பி மங்கச் செய்தன. நீளம் இருமடங்கானால் தாமதம் நான்மடங்காகும் என வில்லியம் தாம்சன் 1855-இல் வெளியிட்டார். ஆலிவர் ஹெவிசைடு 1876-இல் மின்தூண்டலையும் சேர்த்துக் கணித்தபோது சைகை ஓர் அலையெனத் தெளிவாயிற்று. அலையெனில் அது எல்லையில் மீளும். வாய்க்கால் அலை மூடிய மதகில் மோதித் திரும்புவதை ஒத்தது இது. வடத்தின் சிறப்பியல்பு மின்மறிப்பும் முனைக்கருவியின் மின்மறிப்பும் சமமாயின் எதிரொளிப்பு இல்லை. முனை திறந்திருப்பின் மின்னழுத்த அலை அதே குறியுடனும், குறுக்கிணைப்புற்றிருப்பின் எதிர்க்குறியுடனும் திரும்பும்.

இடையூறான இம்மீளலே பின்னர்க் கருவியாயிற்று. தந்திக் காலத்தில் பழுதின் இடத்தை மின்தடை அளந்து கணித்தனர். 2020-இல் தொடங்கப்பெற்ற, ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள சென்னை–அந்தமான் வடம் ஒளியிழையால் ஆனது. இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும், துடிப்பு 1 மில்லிநொடியில் மீண்டால் முறிவு 100 கி.மீ. தொலைவில் உள்ளது. அளவீடு மாறினும், கரையிலிருந்தே கடலடி முறிவை அறியவேண்டிய தேவை இரு காலத்துக்கும் ஒன்றே.