பதினாறு முழத்துக்கு ஏறிய நைல்

கெய்ரோ நகருக்குள் நைல் நதி பிரிந்து ஓடும் இடத்தில் ரோடா என்றொரு தீவு இருக்கிறது. அதன் தென்முனையில், கூம்புக் கூரைக்கு அடியில் ஆழமான ஒரு கல்கிணறு. கிணற்றின் நடுவே எட்டுப் பட்டைப் பளிங்குத் தூண்; அதில் முழத்துக்கு ஒரு கோடு, முழத்துக்குள் விரற்கடைக் கோடுகள். கி.பி. 861இல் அப்பாசியக் கலீபா அல்-முத்தவக்கில் கட்டுவித்தது. ஆற்றுநீர் உள்ளே வர, வெவ்வேறு மட்டங்களில் மூன்று சுரங்கவழிகள் விட்டார்கள். ஆறு ஏறினால் கிணறும் ஏறும், ஆனால் அலையும் சுழிப்பும் உள்ளே வராது. நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துக் குறிக்கலாம். ‘மிக்யாஸ்’ என்று பெயர் பெற்ற இந்த நீரளவைத் தூணின் காவல் பொறுப்பு, அபூ அல்-ரத்தாத் என்பவரிடம் தொடங்கி அவருடைய வம்சத்திலேயே பல நூற்றாண்டுகள் இருந்தது.

எகிப்து மழையை நம்பிய நாடு அல்ல. அந்நாளில் எத்தியோப்பிய மலைகளில் கோடையில் பெய்யும் மழைதான் வெள்ளமாக வந்து வயல்களை நனைத்து, வண்டலைப் படியவிட்டுப் போகும். தூணில் நீர் 16 முழத்தைத் தொட்டால் கால்வாயின் கரையை வெட்டித் திறப்பார்கள். ஊரே திருவிழாக் கோலம் பூணும். அரசுக்கு முழு நிலவரி கேட்கும் தகுதி வருவதும் அப்போதுதான். அந்த அளவுக்கு ஏறாத ஆண்டில் வயல் காயும், வரியும் குறையும்.

அதனால் இந்த எண் ஊரின் நெஞ்சைப் படபடக்க வைத்தது. நீர் மெதுவாக ஏறுகிறது என்ற செய்தி பரவினாலே தானியத்தைப் பதுக்கத் தொடங்கிவிடுவார்கள், விலை எகிறும். 973இல் ஃபாத்திமிக் கலீபா அல்-முயிஸ் ஓர் உத்தரவு போட்டார்: 16 முழம் நிரம்பும்வரை தினசரி அளவைப் பொதுமக்களுக்கு அறிவிக்கக் கூடாது. பீதியைத் தடுக்க எண்ணினார் என்பது புரிகிறது. ஆனாலும் ஆற்றின் கணக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவன் உழவன். அவனிடமிருந்தே அதை மறைத்தது சரியான தீர்வு அல்ல.

1200ஆம் ஆண்டு வெள்ளம் 13 முழத்தைக்கூட எட்டவில்லை. அடுத்த ஆண்டும் பொய்த்தது. அப்போது கெய்ரோவில் இருந்த பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், தெருக்களில் பிணங்கள் கிடந்ததையும் பசியில் மனிதர் மனிதரைத் தின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தத் தூணின் கணக்கையும் அதற்கு முந்தைய அளவைகளின் கணக்கையும் சேர்த்து, 622ஆம் ஆண்டு முதலான அளவுகளை எகிப்திய இளவரசர் உமர் தூசூன் தொகுத்து 1925இல் வெளியிட்டார். இடையில் விடுபட்ட ஆண்டுகள் உண்டு. எண்களை அப்படியே நம்பவும் முடியாது. வண்டல் படிந்து ஆற்றின் படுகையும் வயல்களும் நூற்றாண்டுதோறும் உயர்ந்துகொண்டே வந்தன; முன்பு செழிப்பைக் குறித்த 16 முழம் பிற்காலத்தில் போதாமல் போயிற்று. தவிர, நீர்மட்டம் வேறு, ஓடிய நீரின் அளவு வேறு. ஆற்றின் குறுக்களவையும் நீரோட்டத்தின் வேகத்தையும் அளந்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு நீர் என்று ஒரு வளைகோடு வரைந்த பிறகுதான் மட்டத்தைக் கன மீட்டராக மாற்ற முடியும்.

1906இல் எகிப்துக்கு வந்த ஆங்கிலேயர் ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட் தம் வாழ்நாளை இந்த வேலைக்கே கொடுத்தார். எகிப்தியர் அவரை ‘நைலின் தந்தை’ என்றார்கள். அவர் முன்னால் இருந்த கேள்வி, மோசமான ஆண்டுகளைத் தாங்க எவ்வளவு பெரிய அணை வேண்டும் என்பது. நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் நாணயம் சுண்டியதுபோல மாறிமாறி வருமானால், நான்கு மடங்கு நீண்ட காலத்துக்கு இரண்டு மடங்கு கொள்ளளவு போதும். உண்மையிலேயே நாணயங்களைச் சுண்டியும் சீட்டுகளைக் குலுக்கியும் அவர் இதைச் சரிபார்த்தார். நைலோ அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு கேட்டது. வறட்சி வந்தால் ஆண்டுக்கணக்கில் தங்கியது, செழிப்பும் அப்படியே. மழையளவு, மரவளையங்கள், ஏரிச் சேற்றுப் படிவுகள் என நூற்றுக்கணக்கான தொடர்களில் இதே போக்கைக் கண்டு 1951இல் கட்டுரையாக வெளியிட்டார். பின்னாளில் கணிதவியலர் மாண்டல்பிராட் இதற்கு ‘யோசேப்பு விளைவு’ என்று பெயரிட்டார். பைபிளில் ஏழு செழிப்பான ஆண்டுகளையும் ஏழு பஞ்ச ஆண்டுகளையும் முன்னறிவித்தவர் அந்த யோசேப்பு.

ஒற்றை ஆண்டின் தேவைக்கு அல்லாமல் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துவைக்கும் அணை வேண்டும் என்ற அவருடைய வாதம், 1970இல் முடிந்த அஸ்வான் பேரணையின் அளவில் தெரிகிறது. 1980களின் நெடிய வறட்சியில் எத்தியோப்பியா பஞ்சத்தில் துடித்தபோது எகிப்து அந்த நீர்த்தேக்கத்தால் தப்பியது. 1988இல் தேக்கம் அபாயகரமாக வற்றியிருந்த வேளையில்தான் நல்ல வெள்ளம் வந்தது.

அஸ்வானில் அளந்த ஓட்டமும் ஹர்ஸ்டின் பக்கமே சாட்சி சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 கோடி கன மீட்டர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலோ 8,400 கோடிதான். எந்த ஆண்டுகளை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துப் பங்கீடே மாறிவிடும். 1959இல் எகிப்தும் சூடானும் இரண்டாவது எண்ணை எடுத்துக்கொண்டன: எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி, ஆவியாவதற்கு 1,000 கோடி. அஸ்வானை அடையும் நீரில் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. நீல நைலின் குறுக்கே தான் கட்டிய பேரணையை அது 2025 செப்டம்பரில் திறந்துவைத்தது. அதன் கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர்.