சாந்தாகுரூஸ் ஓடுபாதையும் வேடிக்கை பார்த்தவர்களும்

குர்லா–அந்தேரி சாலையில் ஜரிமரிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். தகரக் கூரை மேல் நாலைந்து பையன்கள் நின்றுகொண்டு, தலைக்கு மேல் இறங்கும் விமானம் எந்தக் கம்பெனியுடையது என்று போட்டி போட்டுக் கத்துவார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த ஜாதிதான். கூரைக்குப் பதில் எனக்கு அப்பாவின் தோள்.

இந்த வேடிக்கையின் சரித்திரம் ஜுஹுவில் ஆரம்பிக்கிறது. 1928-ல் அங்கே விமானத் திடல் வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் பையுடன் தன் புஸ் மாத் விமானத்தை அங்கே இறக்கினார். பையை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மேலே பறந்தவர் நெவில் வின்சென்ட். அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமோ? நம்ம மதராஸ்! டாட்டா கதையைச் சொல்லும்போது இந்தப் பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நமக்கு அது அப்படி விட்டுவிடக்கூடிய பாதி அல்ல.

ஜுஹு தாழ்வான கடலோர நிலம். மழைக்காலத்தில் சேறு, டாட்டா விமானங்கள் பூனாவுக்கு இடம் மாறும். யுத்த காலத்தில் ராயல் ஏர் ஃபோர்ஸ் பயன்படுத்திய சாந்தாகுரூஸ் தளம் பெரியது. யுத்தம் முடிந்தபின் பயணிகள் விமானமெல்லாம் அங்கே போயிற்று. இங்கேதான் வில்லங்கம். இரண்டு தளங்களும் சில கிலோமீட்டர் தூரத்தில். ஓடுபாதைகளும் ஏறக்குறைய ஒரே திசையில். 1953-ல் பி.ஓ.ஏ.சி.யின் காமெட் ஜெட் ஒன்று சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜுஹுவில் இறங்கிவிட்டது. அதைத் திரும்பக் கிளப்பிக் கொண்டுபோகச் சில நாட்கள் ஆயின. 1972 செப்டம்பரில் ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.-8 அதே தப்பைச் செய்தது. சின்ன ஓடுபாதை போதாமல் முனையைத் தாண்டி ஓடி உடைந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அதற்கு முந்தின வருஷம், 1971-ல், ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ 'எம்பரர் அசோகா' வந்தது. "வாடா, ராஜாவைப் பார்த்துட்டு வரலாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை அழைத்துப் போனார். மாடி வைத்த விமானமா என்று அம்மா கடைசிவரை நம்பவில்லை.

1978 ஜனவரி 1, புது வருஷ ராத்திரி. துபாய்க்குக் கிளம்பிய அதே அசோகா, மேற்கே கடல் மேல் ஏறியதும் காப்டனின் முன்னாலிருந்த சாய்வு காட்டும் கருவி பிசகியதால் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள் நிறைந்த காலம் அது. எங்கள் கட்டிடத்தில் அன்றிரவு யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. அப்பா அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்கக் கூப்பிடவே இல்லை.

வேடிக்கை பார்ப்பதற்குச் சட்டமும் குறுக்கே நின்றது. 1937-ம் வருஷத்து விமான விதிகள் அரசு விமானத் தளங்களில் அனுமதியில்லாமல் போட்டோ எடுக்கத் தடை போட்டன. 2010-ல் டெல்லி விமான நிலையத்துக்கு அருகே ஓட்டல் அறையிலிருந்து விமானங்களைக் குறித்துக்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதாகி, வாரக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்டு, கடைசியில் அபராதம் கட்டி ஊர் போனார்கள். அவர்கள் நாட்டில் நோட்டும் பென்சிலுமாக வேலியோரம் நிற்பது பொழுதுபோக்கு. இங்கே அது சந்தேகக் கேஸ். 2008 நவம்பரைக் கண்ட நமக்குக் காவலர்களின் பயம் புரியாமலில்லை. ஆனாலும் என் பேரனின் கையிலிருந்த சின்னக் காமிராவை வேலியோரம் ஒருவர் வாங்கி, ஒவ்வொரு படமாக அழிக்கச் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

2018 டிசம்பரில் ஒரே நாளில் 1,007 விமானங்கள் இங்கே ஏறி இறங்கின. இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், ஒரு சமயத்தில் ஒன்றுதான் பயன்படும். அதாவது ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்று! 2025-ல் நவி மும்பையிலும் விமான நிலையம் திறந்தாயிற்று. ஜரிமரிக் கூரைப் பையன்களிடம் அதைச் சொன்னேன். "அங்கே பார்க்க மேடு இருக்கா, அங்கிள்?" என்று கேட்டான் ஒருவன்.