தேற்றச் சொல்லும் சான்றும்: மயிலைக் கபாலீச்சரம் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றுக் கட்டுரைகளைப் பயில்வோர் 'வெளிப்படை', 'ஐயமின்று', 'திண்ணம்', 'ஒருதலை' என்னும் சொற்களை அடிக்கடி காண்பர். முடிபு கூறுமிடத்து இவற்றுள் ஒன்றேனும் வாராதொழிதல் அரிது. இச்சொற்கள் தமிழுக்குப் புதியன அல்ல. ஆயின் இன்றைய ஆய்வுரையில் இவை செய்யும் தொழில் புதியது. அத்தொழில் யாது, அதனால் விளையும் குறை யாது என்பவற்றை, கபாலீச்சரத்தின் பழைய இருப்பிடம் பற்றிய முடிபு ஒன்றனைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழக வரலாறு பெரிதும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்றது. வி. கனகசபைப் பிள்ளையவர்கள் பண்டைத் தமிழரைப் பற்றி எழுதிய நூல் 1904-இலும், கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் எழுதிய சோழர் வரலாற்றின் முதற்பகுதி 1935-இலும் அம்மொழியிலேயே வெளிவந்தன. 'ஆப்வியஸ்லி', 'சர்ட்டன்லி' முதலிய வினையடைகள் ஆங்கில நடைக்கு இயல்பாவன. ஆங்கில நூல்களிற் பயின்று தமிழில் எழுதியோர் நடையில் அவற்றின் நிழல் படிந்தது வியப்பன்று. இவ்விரண்டன் இலத்தீன் அடிகளை நோக்கின் ஓர் உண்மை புலனாம். முன்னதன் அடி 'வழியில் எதிர்ப்படுவது' என்னும் பொருளது. தேடவேண்டாது தானே கண்ணிற்படுவது என்பது கருத்து. பின்னதன் அடி சலித்துப் பிரித்தலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது. ஒன்று தேடல் வேண்டா என்கிறது. மற்றொன்று தேடி முடித்தாயிற்று என்கிறது. வழக்கிலோ இவ்வேறுபாடு மறைந்து, இரண்டும் எழுதுவோனின் உறுதியை மட்டுமே உணர்த்தி நிற்கின்றன.

நம் இலக்கணம் இப்பொருளை எங்ஙனம் நோக்கிற்று? தொல்காப்பியர் இடையியலில் 'ஏ' என்பதற்கும் 'மன்ற' என்பதற்கும் தேற்றப்பொருள் கூறினார். 'கொல்' என்பதற்கு ஐயப்பொருள் கூறினார். தேற்றமும் ஐயமும் சொல்லுவோன் உள்ளத்தின் நிலைகளாகவே அங்கு நிற்கின்றன. அவை பொருளின் இயல்புகள் அல்ல. இதனினும் சிறந்ததொரு செய்தி கிளவியாக்கத்தில் உண்டு. தொலைவில் தோன்றுவது மரக்குற்றியோ ஆளோ என ஐயுற்றவன், ஐயம் நீங்கித் துணியுமிடத்து அன்மைக் கிளவியைப் பயன்படுத்துவான். இன்னது அன்று எனக் களைந்த பின்னரே இன்னது எனத் துணிகின்றான். 'துணிதல்' என்னும் சொல்லுக்கே அறுபடுதல் என்னும் பொருளும் உண்டன்றோ? துணிவுக்கு விலை, களையப்பட்ட மற்றொன்றை வெளிப்படக் கூறுதலாம்.

இம்மரபினை ஒப்பதொரு நேர்மையைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிற் காண்கிறோம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அநுபந்தமாகவும் அது வெளிவந்தது. சொற்பிறப்புக் கூறுமிடத்துப் 'பெர்ஹாப்ஸ்', 'ப்ராபப்ளி' என்னும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கங்களை அது ஆங்காங்கு இடுகின்றது. முன்னது 'ஒருகால்' என்னும் அளவினது. பின்னது 'பெரும்பாலும்' என்னும் அளவினது. துணிவின் அளவுகளை வேறுபடுத்திக் காட்டும் இம்முறையும் ஆங்கிலத்தின் வழியே வந்ததுதான். நாமோ அவ்வகராதியை நாள்தோறும் எடுத்தாண்டும், அச்சுருக்கங்களை விடுத்துச் சொற்பிறப்பை மட்டும் எழுதிக்கொள்கிறோம்.

இனி மயிலைக்கு வருவோம். பழைய கபாலீச்சரம் கடற்கரையில் இருந்தது. அவ்விடம் சாந்தோம் தேவாலயம் நிற்கும் இடமே. பதினாறாம் நூற்றாண்டிற் குடியேறிய போர்ச்சுகீசியர் அதனை இடித்தனர். இவை ஐயமற்றவை எனப் பல நூல்களும் சொற்பொழிவுகளும் கூறும். இங்குள்ள கூற்றுகள் மூன்று. தேற்றச் சொல்லோ ஒன்று. அவ்வொன்று மூன்றனுக்கும் ஒப்பப் பொருந்துமா?

ஏழாம் நூற்றாண்டினராகிய ஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்திற் கபாலீச்சரத்தின் விழாக்களை நிரல்படக் கூறுகின்றார். கோயில் அன்று இருந்தது என்பதற்கு இது போதும். அவ்விழாக்களுள் மாசிக் கடலாட்டும் ஒன்றாதலின், கோயில் கடற்கரையில் இருந்தது என்பர். ஆயின் கடற்கரைக்கு மேற்கே ஒரு கிலோமீட்டர் அளவில் உள்ள இன்றைய கோயிலினின்றும் மாசி மகத்தன்று இறைவன் கடலாடப் போதருகின்றார். கடலாட்டு, கடலின் அண்மையைக் காட்டுமேயன்றிக் கரையில் இருந்தமையைக் காட்டாது. பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் மயிலையைக் கடலலைகள் சூழ்ந்த பதியாகப் பாடினார். அக்கூற்று வலிமையுடையதே, எனினும் அது பதியைச் சுட்டுவது, கோயிலைச் சுட்டுவதன்று. ஆகவே முதற்கூற்றுக்குப் 'பெரும்பாலும்' என்பதே பொருந்தும் அளவு.

இரண்டாம் கூற்றுக்குச் சாந்தோம் தேவாலய எல்லையிற் கிடைத்த கோயிற் கல்வெட்டுத் துண்டுகளைச் சான்றாக்குவர். கல் நிலைத்த பொருளேயாயினும் இடம் பெயராத பொருளன்று. கட்டடம் எழுப்புவோர் அயலிலுள்ள பழங்கற்களைக் கொணர்ந்து பயன்படுத்துதல் எங்கும் உண்டு. மேலும் மயிலையிற் பழைய கோயில் கபாலீச்சரம் ஒன்றே அன்று. குணவீர பண்டிதரின் இலக்கண நூலுக்கு 'நேமிநாதம்' என்னும் பெயரைத் தந்தவர் இவ்வூரில் எழுந்தருளியிருந்த சமண தீர்த்தங்கரரே. ஆதலின் ஒவ்வொரு துண்டும் எக்கோயிலுக்குரியது என்பதனை அத்துண்டின் வாசகமே கூறல் வேண்டும். கிடைத்த இடம் கூறாது. இக்கூற்றுக்கு 'ஒருகால்' என்பதே அளவு.

மூன்றாம் கூற்று ஒரு செயலையும் அதன் செய்வோரையும் பற்றியது. கோயில் கரையில் இருந்திருப்பின், அஃது அழிந்தமைக்கு மனிதர் கை காரணமாகலாம், கடலரிப்புக் காரணமாகலாம், இரண்டும் கூடியும் ஆகலாம். கடல் அன்று என முதலிற் காட்டிய பின்னரே மனிதர் எனத் துணிதல் இலக்கண நெறி. அங்ஙனம் காட்டாது 'இடித்தனர் என்பது வெளிப்படை' என எழுதுவோர், தேடவேண்டிய இடத்தில் தேடல் வேண்டா என்கின்றனர்.

கபாலீச்சரம் கரையில் இருந்திருக்கும் என்பதே நம் கருத்தும். அதனை மறுத்தல் நம் நோக்கமன்று. அக்கருத்திற்கு உரிய அளவைக் குறித்தலே நோக்கம். இரு சமயத்தாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊரில், ஆய்வேட்டின் ஒரு சொல் அவ்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. அது பாடநூலிற் புகும், மேடையில் ஏறும், அங்கிருந்து வழக்காடும் நாவில் வந்து நிற்கும். அதற்குள் 'பெரும்பாலும்' 'ஐயமின்றி' ஆகிவிடும். அவ்வாறு ஆக்கியவர் யார் எனப் பின்னர்த் தேடுதலும் அரிது.

ஆதலின் ஆய்வு மாணவர்க்கு நாம் கூறத்தக்கது இது. தாம் எழுதிய பக்கத்தில் 'வெளிப்படை', 'திண்ணம்' என வரும் இடந்தோறும் அச்சொல்லை அடித்துவிட்டு, களைந்த மாற்றுக் கருத்து யாது என எழுத முயல்க. எழுத இயலின் அச்சொல் மிகை. இயலாவிடின் அச்சொல் பொய். இம்முயற்சியிற் கட்டுரையின் ஓசை சற்றுத் தாழலாம். சான்றின் குரல் கேட்கத் தொடங்கும்.