ஸ்மித், இஷ்

இஷ்மேல் லாரி ஸ்மித் (பிறப்பு: 5 ஜூலை 1988) அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் பிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர். என்.பி.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் லீக்கில், 2010 முதல் 2024 வரையிலான காலத்தில் 13 அணிகளுக்கு ஆடியவர்; அவருக்கு முன் எவரும் அந்த லீக்கில் இத்தனை அணிகளின் சீருடையை அணிந்ததில்லை. எந்த ஓர் அணியிலும் நிலைகொள்ளாமல், ஆயினும் லீக்கை விட்டும் நீங்காமல், குறுகிய ஒப்பந்தங்களில் அணிவிட்டு அணி சென்று பிழைக்கும் தொழில்முறை ஆட்டக்காரரை அமெரிக்க விளையாட்டு வழக்கில் 'ஜர்னிமேன்' என்பர். திறன் குறைந்தவர்க்கே வாய்க்கும் வாழ்க்கை இது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், 30 அணிகளில் அணிக்கு 15 பேர் வீதம் ஏறத்தாழ 450 இடங்களே உள்ள ஒரு தொழிலில் 14 பருவங்கள் தாக்குப்பிடித்த ஒருவருக்கு அது பொருந்தாது.

இத்தகைய வாழ்க்கை என்.பி.ஏ.யின் தொடக்க காலத்தில் எளிதில் அமையக்கூடியதாக இருக்கவில்லை. 1954–55 பருவ முடிவில் லீக்கில் இருந்தவை எட்டே அணிகள். மேலும் ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரர்மீதான உரிமையை அணியே வைத்துக்கொள்ளும் விதி அப்போது நடைமுறையில் இருந்ததால், அணி விற்றாலோ விடுவித்தாலோ அன்றி அவர் வேறிடம் செல்ல இயலாது. இவ்விதியை எதிர்த்து ஆஸ்கர் ராபர்ட்சன் என்னும் வீரரின் பெயரில் 1970இல் தொடுக்கப்பட்ட வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. 1988இல் முழுச் சுதந்திரத்துடன் அணி மாறும் உரிமையும் மூத்த வீரர்களுக்குக் கிடைத்தது. 2004க்குள் அணிகளும் 30ஆகப் பெருகின. இவற்றோடு பத்து நாள் ஒப்பந்தம் என்னும் ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்திலிருந்து ஓர் அணி ஒரு வீரரைப் பத்து நாள்களுக்கு மட்டும் அமர்த்தலாம், ஒரே பருவத்தில் அதே அணி இருமுறை அவ்வாறு செய்த பின், பருவம் முடியும்வரை அவரை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும்.

ஸ்மித் 2006 முதல் 2010 வரை வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுசென்று தாக்குதலை வழிநடத்துபவராக, ஆடினார். 2010 மார்ச்சில் தேசியக் கல்லூரிப் போட்டியின் முதற்சுற்றில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றபோது, முடிய ஓரிரு நொடியே இருக்கையில் அவர் எறிந்த பந்து கூடையில் விழுந்து 81–80 என வெற்றி தேடித் தந்தது. ஆயினும் அவ்வாண்டு டிராஃப்ட்டில், அதாவது புதுவரவு வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் நிகழ்வில், தெரிவான 60 பேரில் அவர் பெயர் இல்லை. ஆறடி உயரமும், தொலைவிலிருந்து எறிவதில் உறுதியின்மையும் அவருக்கு எதிராக நின்றன. பந்துடன் ஓடுகையில் அவருக்கிருந்த அசாதாரண வேகமும், பந்தை வீணே பறிகொடுக்காத நிதானமும் அவற்றை ஈடுசெய்யும் என்பதை அணிகள் உணரச் சில ஆண்டுகள் ஆயின.

ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, 2011 பிப்ரவரியில் ஷேன் பாட்டியருடன் மெம்ஃபிஸுக்கு மாற்றியது. 2011–12 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் அணியில் சில வாரங்களும் பின்னர் ஆர்லாண்டோவிலும் ஆடினார். 2013 பிப்ரவரியில் ஜே. ஜே. ரெடிக்கின் மாற்றத்தோடு சேர்த்து மில்வாக்கிக்கும், அதே ஆகஸ்டில் கேரன் பட்லருக்கு ஈடாகச் சென்ற இருவரில் ஒருவராகப் பீனிக்ஸுக்கும் அனுப்பப்பட்டார். இம்மாற்றங்களில் பெரும்பாலானவற்றில் பேரம் வேறொருவரைப் பற்றியது. என்.பி.ஏ.யில் சம்பள உச்சவரம்பைக் கடந்துவிட்ட அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது இருபுறச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஆகையால் பெரிய வீரரோடு சிறு சம்பளக்காரர் ஒருவரும் கணக்கை நேராக்கச் சேர்க்கப்படுவதுண்டு. ஸ்மித்தின் தொடக்கப் பயணங்களைத் தீர்மானித்தது அவருடைய ஆட்டத்தைவிட இந்தக் கணக்கே எனலாம்.

2014–15 பருவம் இந்த அலைச்சலின் உச்சம். ஹூஸ்டன் அவரை மீண்டும் அமர்த்தி, டிசம்பரில் விடுவித்தது. ஓக்லஹோமா சிட்டி எடுத்துக்கொண்டு பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றியது. அங்கே ஓர் ஆட்டமும் ஆடாமலே விடுவிக்கப்பட்டுப் பிலடெல்பியா வந்துசேர்ந்தார். விடுவிக்கப்படும் வீரர் உடனே தம் விருப்பப்படி செல்ல முடியாது. இரண்டு நாள்கள் காத்திருப்புப் பட்டியலில் இருப்பார், அதற்குள் எந்த அணியும் அவரை அப்படியே உரிமை கோரலாம்.

பிலடெல்பியாவில்தான் அவருடைய மதிப்பு வெளிப்பட்டது. பிலடெல்பியா செவன்ட்டிசிக்சர்ஸின் அப்போதைய நிர்வாகம், வருங்கால டிராஃப்ட்டில் முன்னிடம் பெறும் நோக்கில் பருவக்கணக்கில் தோல்விகளைப் பொறுத்துக்கொண்டிருந்தது. அந்தத் திட்டத்தில் நடுத்தர அனுபவசாலிக்கு இடமில்லை என்பதால் 2015 கோடையில் ஸ்மித்தைப் போகவிட்டது. வாஷிங்டன் பயிற்சி முகாம் வரை சென்று அங்கும் விடுவிக்கப்பட்ட அவரை, கார்டுகள் பலர் காயமுற்றிருந்த நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டது. இதற்கிடையே பிலடெல்பியாவின் நிலை சீர்கெட்டது: நெர்லன்ஸ் நோயல், ஜலீல் ஓகாஃபர் என்னும் உயரமான இளைஞர் இருவர் இருந்தும், அவர்களுக்கு உரிய நேரத்தில் உரிய இடத்தில் பந்தைத் தர ஆளில்லை. ஆறு மாதத்துக்கு முன் விலையின்றி விட்ட அதே வீரரை 2015 டிசம்பர் 24 அன்று டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்றுத் தெரிவுரிமைகள் இரண்டைக் கொடுத்து அந்த அணி திரும்பப் பெற்றது. அப்போது அதன் கணக்கு ஒரு வெற்றி, முப்பது தோல்வி. ஸ்மித் வந்தபின் நடந்த முதல் ஆட்டத்திலேயே, அவருடைய முன்னாள் அணியான பீனிக்ஸை வென்றது. பருவ முடிவில் 10 வெற்றி, 72 தோல்வி என்பது பெருமைக்குரியதன்று. ஆனால் எஞ்சிய 51 ஆட்டங்களில் ஒன்பது வெற்றி என்பது, அணியைக் கட்டமைப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் பந்தைக் கொண்டுசெல்ல ஓர் ஆளை மறந்திருந்தனர் என்பதைக் காட்டப் போதுமானது.

அடுத்த கோடையில் டெட்ராய்ட் அவருக்கு மூன்றாண்டுகளுக்கு 1.8 கோடி டாலர் ஒப்பந்தம் அளித்தது. புதிய தொலைக்காட்சி உரிமத் தொகையால் சம்பள உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்கு ஒரே ஆண்டில் தாவியிருந்ததும் இதற்குத் துணைநின்றது. 2016–17 தொடக்கத்தில் அணியின் வழக்கமான பாயிண்ட் கார்டு ரெஜி ஜாக்சன் முழங்கால் உபாதையால் விலகியிருந்தபோது முதல் 21 ஆட்டங்களில் தொடக்க வரிசையில் இறங்கியவர் ஸ்மித்தே. டெட்ராய்டில் மூன்று, பின்னர் வாஷிங்டனில் இரண்டு என ஐந்து பருவங்கள் அமைதியாகக் கழிந்தன. நாடோடி எனப் பெயர்பெற்றவருக்கு இது அரிய நிலைபேறு.

2021இல் சொந்த ஊரான சார்லட் அணியில் சேர்ந்தார். 2022 பிப்ரவரியில் அது அவரை வாஷிங்டனுக்கு மாற்ற, ஜூலையில் வாஷிங்டன் அவரைக் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்புடன் டென்வருக்கு மாற்றியது. 2022 அக்டோபரில் டென்வருக்காகக் களமிறங்கியபோது 13 அணிகள் என்னும் சாதனை அவருடையதாயிற்று. அதுவரை 12 அணிகளுடன் முன்னின்றவர்கள் சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வர். இவர்களுள் ஜோ ஸ்மித் 1995 டிராஃப்ட்டின் முதல் தெரிவு, ஜாக்சன் 1992இன் நான்காம் தெரிவு. பிரவுன் இரண்டாம் சுற்றில் தெரிவாகி, 1995இல் ஹூஸ்டனுடன் பட்டம் வென்றவர். ஆகவே இப்பட்டியல் ஒரே வகைத் திறனாளரின் பட்டியல் அன்று.

டென்வரில் ஸ்மித்துக்கு ஆடும் நேரம் சொற்பமே. எனினும் 2023 ஜூன் 12 அன்று மயாமியை 4–1 என்ற தொடர்க் கணக்கில் வென்று டென்வர் தன் முதல் என்.பி.ஏ. பட்டத்தைப் பெற்றபோது, அந்த அணியில் அவரும் இருந்தார். மூத்த வீரருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தின் ஒரு பகுதியை லீக்கே ஏற்கும் விதி, செலவைக் கருதி முதியவரை ஒதுக்கி இளையவரை எடுக்கும் போக்கைத் தடுப்பதற்கானது. இவ்வகை வீரர்களின் பிற்கால ஆயுளை நீட்டிப்பதில் இவ்விதிக்குக் கணிசமான பங்குண்டு. 2023–24 பருவத்தில் ஸ்மித் மீண்டும் சார்லட் அணிக்காக ஆடினார். ஏற்கெனவே ஆடிய அணி என்பதால் எண்ணிக்கை 13ஆகவே நின்றது.